கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது?

(கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாளையொட்டி, நூலக வாசகர் வட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை கலெக்டர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகங்களிலும் ஊழியர்கள் வரிசையாக நின்று ஓர் உறுதிமொழி எடுத்திருப்பார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கப் பாடுபடுவோம் என்பது அதன் சாரம். 1976 பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் தேதி. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே அவசரச் சட்டம் வந்துவிட்டதால், 1975 அக்டோபர் 25 முதல் இந்த நாட்டில் சட்டப்படி கொத்தடிமை என்று யாரும் இல்லை. உறுதிமொழி எடுத்தவர்களை நான் கேலி செய்யவில்லை. அவர்களில் பலர் நல்லவர்கள். ஆனால் மாலையில் வீடு திரும்பும் வழியில் ஒரு செங்கல் சூளையைக் கடக்கும்போது, அங்கே குந்தியபடி கல் அறுத்துக்கொண்டிருக்கிற குடும்பம் காலையில் படித்த உறுதிமொழிக்குள் வருமா வராதா என்று அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

அழைப்பிதழில் 'ஆள் கடத்தல்' என்று தலைப்பு போட்டிருக்கிறீர்கள். அதற்குள் எத்தனையோ அடங்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று விமானம் ஏறி, மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கிக்கொண்ட நம் ஊர்ப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பப்படுகிற சிறுவர்கள் இருக்கிறார்கள். டெல்டாவில் ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் அடகு வைக்கப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு நேரடியாகத் தெரிந்தது சூளை, ரைஸ் மில், மரம் வெட்டுகிற இடம். தெரிந்ததை மட்டும் பேசுகிறேன்.

2019 ஜூலையில் காஞ்சிபுரத்திலும் அப்போதைய வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் உண்டு. முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுகிற படம் நாளேடுகளில் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் வாங்கிய கடன் 1000 ரூபாய் என்று செய்திகள் சொல்லின. அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்கிய நண்பர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆயிரம் ரூபாய்க்காகவா இத்தனை வருஷம்? ஏன் சார் ஓடிப்போகலை?"

நியாயமான கேள்விதான். பூட்டு இல்லை, சங்கிலி இல்லை, பல இடங்களில் சுற்றுச்சுவர்கூட இல்லை. ஓடினால் மேஸ்திரிக்கு அவர்களுடைய ஊர் தெரியும், மச்சான் வீடு தெரியும், தேடி வந்து வண்டியில் ஏற்றிப் போவான் என்பது ஒரு காரணம். அடிவிழும் என்பது இன்னொன்று. ஆனால் விசாரணைகளில் தொழிலாளிகள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது வேறு. "வாங்குன காசக் குடுக்காம எப்படி சார் போறது?" கடன் வாங்கியவன் கட்ட வேண்டும் என்ற நேர்மையை நாம் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா, அந்த நேர்மைதான் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. காவலாளி வைக்காமலே வேலை நடப்பது இதனால்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள், "இவங்க விருப்பப்பட்டுத்தானே இருக்காங்க" என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

முன்பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒடிசாவின் மேற்கே பலாங்கீர், நுவாபடா என்று மாவட்டங்கள். மழையை நம்பிய ஒருபோக விவசாயம். அறுவடைத் திருவிழாவான நுவாகாய் முடிந்ததும், கையில் காசில்லாத மாதங்களில், சர்தார் எனப்படும் தரகர்கள் முன்பணத்தோடு வருவார்கள். கொடுப்பது தனி ஆளுக்கு அல்ல. புருஷன், பொண்டாட்டி, கூட ஒரு பிள்ளை என்று சேர்த்து ஒரு கணக்கு. காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டுச் சூளைகளில் வந்து இறங்குவார்கள். ஜூன் வரை கல் அறுப்பு. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. வாரா வாரம் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு தொகை. மீதியெல்லாம் சீசன் முடிவில் 'கணக்கு முடிக்கும்போது'. கணக்கு நோட்டு மேஸ்திரியிடம். மழையில் கரைந்த பச்சைக் கல் பல சூளைகளில் கணக்கிலேயே வராது, உடம்பு சரியில்லாமல் படுத்த நாட்களின் சாப்பாட்டுக் காசு மட்டும் தவறாமல் வரும். ஜூனில் கூட்டிக் கழித்தால், அவர்கள்தான் முதலாளிக்கு இன்னும் பாக்கி. அடுத்த சீசனுக்கு வந்து தீர்த்துக்கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டு 'ஒடிசாவில் இப்படியெல்லாமா' என்று நீங்கள் தலையசைத்தால் ஒரு நினைவூட்டல். சர்தாருக்கு நம் ஊரில் கங்காணி என்று பெயர் இருந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர் இதே மாதிரி முன்பணத்தில்தான் போனார்கள். பயணச் செலவு, வழிச்சாப்பாடு, ஊரில் அடைக்க வேண்டிய கடன் எல்லாம் அவர்கள் பேரில் ஏறும். தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடமிருந்து 'துண்டு' வாங்க வேண்டும். இந்தக் கூலியின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று எழுதிய சீட்டு அது. புதிய துரை கட்டுவார், கடன் புதிய தோட்டத்துக்கு மாறும், ஆள் கூடவே மாறுவான். 1921-இல்தான் இலங்கையில் சட்டம் போட்டுத் துண்டு முறையை நிறுத்தினார்கள். திருவள்ளூரில் ஒரு சூளைக்காரர் இன்னொரு சூளைக்காரரிடம் "அந்தக் குடும்பத்து பாக்கியை நான் தர்றேன், ஆளை அனுப்பு" என்று போனில் பேசுவதைக் கேட்டவர்களுக்கு, துண்டு இன்னும் கிழியவில்லை என்று தெரியும்.

சூளை முதலாளியின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அவர்களில் சிலர் இங்கேயும் இருக்கலாம். லட்சக்கணக்கில் சர்தாரிடம் கொடுத்திருக்கிறார். பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களில் சிலர் பொங்கலுக்குள் காணாமல் போனார்கள். நஷ்டம்தான், மறுக்கவில்லை. அது அவருக்கும் சர்தாருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல். அதற்கு ஈடாக ஒரு மனுஷியையும் அவள் பிள்ளையையும் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை.

சட்டம் சொல்வதை அதிகம் விரிக்க மாட்டேன். முன்பணம் அல்லது கடனுக்குப் பதிலாக ஒருவர் வேலை செய்கிறார். அதனால் அவருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை, அல்லது வேறு வேலைக்குப் போக முடியவில்லை, அல்லது விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியவில்லை, அல்லது தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியவில்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும், அது கொத்தடிமை. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிற அதிகாரிகளை இன்றும் பார்க்கிறேன். அந்தக் கடன் சட்டப்படி செத்துப்போன கடன், அதற்காகப் பணம் வாங்குவதே குற்றம். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது, தொழிலாளியுடையது அல்ல. 1982-இல் ஏசியாட் விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்குகிற வேலை அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு ஃபரீதாபாத் கல்குவாரி வழக்கு. பந்துவா முக்தி மோர்ச்சா அமைப்பு நீதிபதி பகவதிக்கு எழுதிய ஒரு கடிதம்தான் அங்கே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கட்டாய வேலை நடக்கிறது என்று காட்டிவிட்டால், அது முன்பணத்துக்காகத்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும் என்றார்கள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு ஆள் கடத்தலைப் பற்றியது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது அங்கே பொருட்டே அல்ல. "விருப்பப்பட்டுத்தானே வந்தாங்க" என்ற வாதம் இங்கே எடுபடாது.

சரி, சந்தேகம் வருகிறது. யாருக்கு வரும்? பெரும்பாலும் போலீசுக்கு வராது. சூளைக்குப் பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கு வரும். முப்பது பேருக்கும் ஒரே ஆள் வந்து அரிசி வாங்கிப் போகிறான், மற்றவர்கள் கடைப் பக்கமே வருவதில்லை. கிராம சுகாதார செவிலியருக்கு வரும். ஏழு மாதம், எட்டு மாதம் ஆகியும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இல்லாத கர்ப்பிணி, கூடவே ஒரு மேஸ்திரி, கேட்கிற கேள்விக்கெல்லாம் அவனே பதில் சொல்கிறான். தலைமையாசிரியருக்கு வரும். லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவருக்கு வரும். நான் பார்த்த நல்ல புகார்களில் பாதி இப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்தவை.

அவர்கள் உள்ளே போய் "நீங்க கொத்தடிமையா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். அந்தப் பெயரில் யாரும் தன்னை நினைத்துக்கொள்வதில்லை. கேட்க வேண்டியவை வேறு, அதுவும் பேச்சுவாக்கில். "பெரியவரே, ஊருக்குப் போயி எவ்ளோ நாளாச்சு?" "பொங்கலுக்கு எல்லாரும் சேந்து போனீங்களா, யாராச்சும் இங்கியே இருந்தாங்களா?" இந்தக் கேள்வி முக்கியம். குடும்பத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்புகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. சாவுக்குக்கூட அப்படித்தான் அனுப்புவார்கள். "பக்கத்துச் சூளையில கூலி கூடவாமே, அங்க போலாமே?" "ஏம்மா, கணக்கு நோட்டு யாருகிட்ட இருக்கு? நீங்க பாத்திருக்கீங்களா?" பதிலைவிட, பதில் சொல்லும் முன் அவர்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அவ்வளவு போதும், வெளியே வந்துவிடுங்கள். முதலாளியிடம் நியாயம் கேட்காதீர்கள். வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் போடாதீர்கள். அன்றிரவே லாரி வரும், காலையில் அந்த இடத்தில் அணைந்த அடுப்பு மட்டும் இருக்கும். குழந்தையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றமும்கூட. ஆர்வத்தில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் இந்த ஆர்வத்தால் கெட்டுப்போன மீட்புகள் உண்டு.

எங்கே சொல்வது? உயிருக்கோ உடம்புக்கோ உடனே ஆபத்து என்றால் 112. குழந்தை என்றால் 1098, எந்நேரமும் இலவசம். பெண்களுக்கு 181. இலவச வக்கீல் வேண்டுமானால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100. காவல் துறையில் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவும் இருக்கிறது. ஆனால் கொத்தடிமை விஷயத்தில் நீங்கள் தட்ட வேண்டிய முக்கியமான கதவு கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர். அவருக்கு மேலே கலெக்டர். காரணம் எளிது: ஒருவரைக் கொத்தடிமை என்று கண்டறிந்து விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. போலீஸ் போய் ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டு, ஆர்.டி.ஓ. வராமல் போனால், கையில் காகிதம் இல்லாத ஒரு கூட்டம் ரோட்டில் நிற்கும்.

மனுவில் இடத்தின் அடையாளம் துல்லியமாக இருக்கட்டும். எந்த ரோடு, எந்தக் கோயிலுக்கு அப்புறம், எந்த கேட். எத்தனை குடும்பம், குழந்தைகள் எத்தனை, எந்த ஊர்க்காரர்கள், என்ன மொழி, ராத்திரி எங்கே தூங்குகிறார்கள், வண்டி வருகிற நேரம் எது. உங்களுக்குத் தெரிந்ததை மட்டும், யூகமாக இருந்தால் யூகம் என்றே எழுதுங்கள். உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி முதல் வரியிலேயே கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நூறு பேர் நடுவில் கொண்டுபோய் நீட்ட வேண்டாம், அது பல கை மாறும். கோட்டாட்சியரிடம் நேரில் கொடுங்கள். கீழ்மட்டத்தில் செய்தி கசிவதும், குழு வருவதற்குள் ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவதும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

விசாரணை நடக்கும் விதத்தில்தான் எல்லாம் கெடுகிறது அல்லது கூடுகிறது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் எதிரிலேயே "உனக்கு இங்கே ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? தொழிலாளிகளைத் தனியே அழைத்துப் போக வேண்டும், முடிந்தால் வேறு கட்டடத்துக்கு. சாப்பாடு கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, ஒவ்வொருவராக, அவரவர் மொழியில் பேச வேண்டும். ஒடியாவுக்கு மொழிபெயர்க்க அந்தச் சூளையின் சர்தாரையே உட்காரவைத்த கொடுமையும் நடந்திருக்கிறது. இங்கேதான் புகார் கொடுத்தவர் உதவலாம்: ஒடியா, இந்தி, தெலுங்கு தெரிந்த ஒருவரை முன்கூட்டியே தேடி வைக்கலாம். பக்கத்துக் கல்லூரியில் விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

முடிவில் ஓர் அறிக்கை எழுதப்படும். 'சம்பளப் பிரச்சினை, பேசித் தீர்க்கப்பட்டது, தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பினர்' என்று அது முடிந்தால் யாருக்கும் தலைவலி இல்லை. முதலாளிக்கு வழக்கு இல்லை, மாவட்டத்துக்குக் கெட்ட பெயர் இல்லை. மாவட்டத்தில் கொத்தடிமை இல்லை என்று எழுதுவதில் நிர்வாகங்களுக்கு ஒரு பழைய ஆசை உண்டு. தமிழ்நாட்டில் கொத்தடிமைகளே இல்லை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 1995-இல் 10 லட்சத்துக்கும் மேல் என்று அறிக்கை கொடுத்தது. அதனால் அறிக்கை வெளிவரும் வரை புகார்தாரர் ஒதுங்கிவிடக் கூடாது. மரியாதையோடு, திரும்பத் திரும்பப் போய்க் கேளுங்கள்: "சார், சான்றிதழ் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?" சான்றிதழ் குடும்பத்தலைவர் பெயரில் மட்டும் போதாது. வேலை செய்த மனைவிக்குத் தனியே, பிள்ளைக்குத் தனியே வர வேண்டும். பல இடங்களில் பெண்கள் கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள், முன்பணம் புருஷன் வாங்கியதுதானே என்று. கல் அறுத்தது யார்?

அந்த ஒற்றைத் தாளைக் காட்டித்தான் பழைய கடன் செத்துவிட்டது என்று அவர்கள் சொல்ல முடியும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற மிகக் கொடிய நிலைகளில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் போக்கோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். வழக்கு இழுக்கும், தண்டனையில் முடிவது குறைவு, சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பலாங்கீரில் இருப்பார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி தண்டனையே அதிகபட்சம் 3 ஆண்டு, 2,000 ரூபாய் அபராதம். 1976-இன் 2,000 ரூபாய், இன்றும் அப்படியே. அதனால்தான் 143-ஆவது பிரிவையும், தொழிலாளி பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் எப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துகிறோம்.

மீட்கப்பட்டவர்கள் ஊருக்குப் போன பிறகு என்ன என்பதை யாரும் கேட்பதில்லை, படம் எடுப்பவர்களும் வருவதில்லை. இருளர் குடும்பம் என்றால் பெரும்பாலும் ஏரிக்கரையில் ஒரு குடிசை, பட்டா கிடையாது. சாதிச் சான்றிதழ் கேட்டால் அலைக்கழிப்பு. ஆதார் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் உதவித்தொகை இல்லை. மூன்று மாதம் இப்படிப் போனால், அடுத்த மேஸ்திரி நீட்டுகிற ஐயாயிரத்தை அவர்கள் வாங்காமல் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க நாம் யார்? மறுவாழ்வு இல்லாத விடுதலை அவர்களை மறுபடி அங்கேயே தள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல், நீரஜா சௌத்ரி வழக்கில் எச்சரித்ததும் இதையே. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். கணக்குத் தொடங்கிக் கொடுப்பது, ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் எழுதுவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் உங்களுக்கு அரை நாள் வேலை. அவர்களுக்கு அரை வருஷம்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு நண்பர் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்: "நான் சொன்னது தவறாகிவிட்டால்? ஒரு நல்ல முதலாளிக்கு நான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட மாட்டேனா?" நீங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை, சந்தேகத்தைச் சொல்கிறீர்கள். அதை விசாரிப்பது கோட்டாட்சியரின் வேலை. நல்ல முதலாளி என்றால் கூலிப் பதிவேட்டைக் காட்டுவார், தொழிலாளிகள் தங்கள் கணக்கைத் தாங்களே சொல்வார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கொத்தடிமை இல்லையென்று ஆனாலும், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் தடுப்பூசி போடாத கைக்குழந்தைகளும் அன்றைக்கு அதிகாரிகளின் கண்ணில் படுவார்கள்.

இன்னொன்று, காலம் பற்றி. இப்போது பிப்ரவரி. சூளைகளில் வேலை உச்சத்துக்குப் போகிற நேரம். ஜூன் வந்தால் கணக்கு முடிப்பார்கள், ஆட்கள் கலைந்துவிடுவார்கள். அதன் பிறகு கொடுக்கும் மனுவுக்கு விசாரிக்க இடமும் இருக்காது, ஆளும் இருக்காது. சந்தேகம் இருக்கிறவர்கள் இந்த வாரமே கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுதத் தயக்கமாக இருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.